வெள்ளை மாளிகைக்குள் போன அறிக்கைகள்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்க வெளியுறவுக் கொள்கையில் நவபழமைவாதச் சிந்தனைக் குழாம்களுக்கு (கொள்கை ஆய்வு நிறுவனங்களுக்கு) எவ்வளவு செல்வாக்கு என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: செய்திகளில் ‘நியோகான்’ (நவபழமைவாதி) என்ற பெயர் அடிக்கடி வருகிறது. அமெரிக்காவில் போர் வேண்டும் என்று பேசுகிற எல்லோரும் நியோகான்கள்தானா?

பதில்: இல்லை. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். மகன் புஷ்ஷின் துணை அதிபர் டிக் சேனியும் பாதுகாப்புச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டும் 2003-ல் ஈராக் போரை நடத்தியவர்கள். ஆனால் அவர்கள் இந்த மரபில் வளர்ந்தவர்கள் அல்லர். அமெரிக்காவின் பலத்தை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று நினைக்கும் பழைய பாணி தேசியவாதிகள். ஈராக்கில் ஜனநாயகம் மலருமா என்பதில் ரம்ஸ்ஃபெல்டுக்குப் பெரிய அக்கறை இருந்ததில்லை.

நவபழமைவாதிகளின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1960களிலும் 70களிலும் ஜனநாயகக் கட்சிப் பக்கமிருந்து வலப்புறம் நகர்ந்த அறிவுஜீவிகள் அவர்கள். அவர்களில் முக்கியமானவரான இர்விங் கிறிஸ்டல் இளமையில் ட்ராட்ஸ்கியவாதி, அதாவது ஸ்டாலினை எதிர்த்த கம்யூனிஸ்ட் பிரிவைச் சேர்ந்தவர். 1965-ல் டேனியல் பெல்லுடன் சேர்ந்து ‘தி பப்ளிக் இன்டரஸ்ட்’ என்ற இதழைத் தொடங்கினார். அதில் பெரும்பாலும் உள்நாட்டு விஷயங்கள்தாம்: நலத்திட்டங்கள், நகரங்கள், கல்வி. வெளியுறவுப் பக்கத்தை வளர்த்தவை நார்மன் போட்ஹோரெட்ஸ் ஆசிரியராக இருந்த ‘கமென்ட்டரி’ இதழும், வாஷிங்டன் மாநில செனட்டர் ஹென்றி ஜாக்சனின் அலுவலகமும். சோவியத் ஒன்றியத்துடன் அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரும் செய்துகொண்ட சமரசத்தை ஜாக்சன் கடுமையாக எதிர்த்தார். யூதர்கள் உள்ளிட்ட தன் குடிமக்களை நாட்டை விட்டு வெளியேற விடாத அரசுக்கு வர்த்தகச் சலுகை கிடையாது என்ற ஜாக்சன்–வானிக் திருத்தம் 1974-ன் வர்த்தகச் சட்டத்தில் சேர்ந்தது. அதற்காக ஓடியாடி வேலை பார்த்த இளம் உதவியாளர் ரிச்சர்ட் பேர்ல். பின்னாளில் ஈராக் போர் பேச்சுகளில் முன்வரிசையில் நின்றவர் இவரே.

இவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் நம்பிக்கை ஒன்று உண்டு. ஒரு நாடு வெளியே எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் ஆட்சி முறைதான் தீர்மானிக்கிறது என்பது அது. அப்படியானால் சர்வாதிகாரியோடு ஒப்பந்தம் போட்டுப் பயனில்லை, ஆட்சியையே மாற்ற வேண்டும் என்று வந்து நிற்கும். அமெரிக்க ராணுவ மேலாதிக்கம் உலகத்துக்கு நல்லது, ஐ.நா.வை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்பவை அதோடு ஒட்டி வருபவை. குடியரசுக் கட்சிக்குள்ளேயே இதை ஏற்காதவர்கள் உண்டு. தந்தை புஷ்ஷின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரென்ட் ஸ்கோக்ராஃப்ட், 2002 ஆகஸ்டில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளேட்டில் ஈராக் அதிபர் சதாமைத் தாக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார்.

கேள்வி: சிந்தனைக் குழாம் என்பது பல்கலைக்கழகம் மாதிரியா, கட்சி அலுவலகம் மாதிரியா? அதிகாரம் எதுவும் இல்லாதவர்கள் எப்படி அரசை நகர்த்துகிறார்கள்?

பதில்: இரண்டுமல்ல. மாணவர்கள் கிடையாது, தேர்தலில் நிற்பதும் கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனமாகப் பதிவு செய்துகொள்கிறார்கள். நன்கொடை கொடுப்பவருக்கும் வரிக்கழிவு உண்டு. பதிலுக்கு இரண்டு கட்டுப்பாடுகள்: எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பிரச்சாரம் செய்யக் கூடாது, சட்டமியற்றலில் ஆதரவு திரட்டுவது அவர்கள் வேலையில் கணிசமான பங்காக இருக்கக் கூடாது. ஆனால் ஆய்வு என்ற பெயரில் வெளியிடுவதற்கும், அதிபருக்குக் கடிதம் எழுதுவதற்கும், நாடாளுமன்றக் குழு அழைத்தால் சாட்சி சொல்வதற்கும் தடை இல்லை. செல்வாக்கு ஓடும் வாய்க்கால்களும் இவையே.

அதைவிடப் பெரிய வாய்க்கால் ஆட்கள். அமெரிக்காவில் ஆட்சி மாறும்போது அதிபர் நிரப்ப வேண்டிய அரசியல் நியமனங்கள் ஏறத்தாழ 4,000. அவற்றில் 1,200-க்கும் மேற்பட்டவற்றுக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும். மேல்மட்டத்தில் நிரந்தர அதிகாரிகளே இருக்கும் நாடுகளில் இந்தச் சந்தர்ப்பமே வராது. வாஷிங்டனில் தோற்ற கட்சியின் ஆட்கள் நான்கோ எட்டோ ஆண்டுகள் சிந்தனைக் குழாமில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். கட்சி ஜெயித்ததும் துணைச் செயலர், உதவிச் செயலர் நாற்காலிகளுக்குப் போகிறார்கள். ஜான் போல்டன் அமெரிக்கன் என்டர்பிரைஸ் இன்ஸ்டிட்யூட் என்ற சிந்தனைக் குழாமில் துணைத் தலைவராக இருந்தார். அங்கிருந்து 2001-ல் வெளியுறவுத் துறைக்கும், 2005-ல் ஐ.நா. தூதர் பதவிக்கும் போனார். 2006 இறுதியில் அதை விட்டு இறங்கியதும் அதே நிறுவனத்துக்குத் திரும்பினார். பென்டகனில் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) துணைச் செயலராக இருந்த பால் வுல்ஃபோவிட்ஸ் உலக வங்கிக்குப் போய், அங்கிருந்து விலகிய பின் அதே கட்டிடத்துக்குத்தான் வந்தார்.

2003 பிப்ரவரி 26 அன்று, போர் தொடங்க மூன்று வாரங்களே இருந்தபோது, அதிபர் ஜார்ஜ் புஷ் அந்த நிறுவனத்தின் விருந்தில் பேசினார். உங்களிடமிருந்து இருபது பேரை என் நிர்வாகம் கடன் வாங்கியிருக்கிறது என்று நன்றியோடு குறிப்பிட்டார். செல்வாக்கு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்களுக்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஒலின், பிராட்லி, ஸ்கேஃப், ஸ்மித் ரிச்சர்ட்சன் போன்ற சில அறக்கட்டளைகள் பல பத்தாண்டுகள் பொறுமையாக நிதி கொடுத்தன. ஓராண்டுக்கு மட்டும் கொடுக்காமல், இதழ் நடத்தவும் இளம் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை தரவும் ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். நிறுவனரின் விருப்பப்படி ஒலின் அறக்கட்டளை 2005-ல் தன் பணத்தைச் செலவழித்து முடித்து மூடப்பட்டது. அதன் நிதியில் வளர்ந்தவர்கள் அப்போது அரசில் இருந்தார்கள்.

கேள்வி: இதெல்லாம் 2001-க்குப் பிறகு வந்ததுதானே? ரீகன் காலத்திலேயே இருந்ததா?

பதில்: இருந்தது. 1976-ல் சிஐஏ இயக்குநராக இருந்த தந்தை புஷ், சோவியத் பலம் பற்றிய சிஐஏ மதிப்பீட்டைச் சரிபார்க்க வெளியாட்களைக் கொண்டு ‘டீம் பி’ என்ற குழுவை அமைத்தார். தலைவர் ஹார்வர்டு வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பைப்ஸ். வுல்ஃபோவிட்ஸும் அதில் இருந்தார். நீர்மூழ்கிக் கப்பல்களை ஒலியில்லாமல் கண்டுபிடிக்கும் கருவி சோவியத்திடம் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கிடைக்காததாலேயே இல்லை என்று சொல்லிவிட முடியாது, மறைத்து வைத்திருக்கலாம் என்று அந்தக் குழு வாதிட்டது. அவர்களுடைய பல மதிப்பீடுகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று பிற்பாடு தெரியவந்தது. சான்று இல்லாததையே சந்தேகத்துக்குச் சான்றாக்கும் இந்த வாதமுறையை மனதில் வையுங்கள். 2002-ல் ஈராக் விஷயத்தில் அதே வாதம் திரும்பி வந்தது.

அதே 1976-ல் தொடங்கிய ‘தற்கால அபாயக் குழு’வில் ரீகனும் உறுப்பினரானார். அவர் அதிபரானதும் அக்குழுவின் முப்பதுக்கும் மேற்பட்டோர் பதவிகளுக்கு வந்தார்கள். ஜீன் கர்க்பேட்ரிக் 1979 நவம்பரில் ‘கமென்ட்டரி’யில் எழுதிய ஒரே கட்டுரையைப் படித்து வியந்த ரீகன், பின்னர் அவரை ஐ.நா. தூதராக்கினார். அமெரிக்காவின் நண்பர்களான எதேச்சாதிகாரிகளைத் திருத்தலாம், கம்யூனிச ஆட்சிகள் திருந்தா என்பது அதன் சாரம். அடுத்த பத்தே ஆண்டில் கிழக்கு ஐரோப்பா அதைப் பொய்யாக்கியது.

கேள்வி: 1998-ல் கிளின்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார்களாமே? அந்தக் கடிதம்தான் ஈராக் போருக்குக் காரணம் என்கிறார்கள். ஒரு கடிதத்துக்கு அவ்வளவு சக்தியா?

பதில்: கடிதத்துக்கு இல்லை. அதில் கையெழுத்திட்டவர்கள் பின்னர் எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்பதில்தான் சக்தி இருக்கிறது.

‘புதிய அமெரிக்க நூற்றாண்டுக்கான திட்டம்’ என்ற அமைப்பை 1997-ல் வில்லியம் கிறிஸ்டலும் (இர்விங்கின் மகன்) ராபர்ட் ககனும் தொடங்கினார்கள். ஊழியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. அலுவலகம் அமெரிக்கன் என்டர்பிரைஸ் இன்ஸ்டிட்யூட் இருந்த அதே கட்டிடம். 1995-ல் கிறிஸ்டல் தொடங்கிய ‘வீக்லி ஸ்டாண்டர்ட்’ வார இதழும் அங்கேதான் இயங்கியது. ஆய்வு, கையெழுத்து இயக்கம், பத்திரிகை மூன்றும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கின. ஓரிடத்தில் எழுதிய வாதத்தை இன்னோரிடத்தில் கடிதமாக்கி, மூன்றாமிடத்தில் தலையங்கமாக்குவது அவர்களுக்கு ஒரு வாரத்து வேலை.

1998 ஜனவரி 26 தேதியிட்ட கடிதத்தில் 18 பேர் கையெழுத்திட்டார்கள். சதாமைக் கட்டுக்குள் வைத்திருக்கும் கொள்கை தோற்றுவிட்டது, அவர் ஆட்சியை அகற்றுவதே இனி அமெரிக்காவின் குறிக்கோளாக வேண்டும் என்றார்கள். ரம்ஸ்ஃபெல்ட், வுல்ஃபோவிட்ஸ், போல்டன், ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ், எலியட் ஆப்ரம்ஸ், ஸல்மே கலீல்ஸாத், ராபர்ட் ஸோலிக், பேர்ல் ஆகியோர் அவர்களில் சிலர். 18 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறகு மகன் புஷ்ஷின் அரசில் பொறுப்பு வகித்தார்கள்.

இடையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அதே 1998-ன் இறுதியில் நாடாளுமன்றம் ஈராக் விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் அவையில் 360-க்கு 38. செனட்டில் எதிர்ப்பே இல்லை. அக்டோபர் 31 அன்று கிளின்டன் கையெழுத்திட்டார். எதிர்த்தரப்பு ஈராக்கியருக்கு 9.7 கோடி டாலர் வரை ராணுவ உதவிக்கு அனுமதி தந்தது அந்தச் சட்டம். படையெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆட்சி மாற்றம் என்பது ஒரு குழுவின் ஆசையாக இருந்த நிலை மாறி நாட்டின் சட்டப்படியான கொள்கையாயிற்று. ஐந்தாண்டு கழித்து யாராவது எதிர்த்துப் பேசினால், இது கிளின்டன் காலத்திலேயே முடிவானதுதானே என்று சொல்ல வழி கிடைத்தது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்து கேம்ப் டேவிட்டில் நடந்த கூட்டத்தில் வுல்ஃபோவிட்ஸ் ஈராக்கைத் தாக்கலாம் என்றார். ஆப்கானிஸ்தான்தான் முதலில் என்று புஷ் முடிவு செய்தார். செப்டம்பர் 20-ல் கிறிஸ்டலின் அமைப்பு இன்னொரு கடிதம் அனுப்பியது. ஈராக்குக்குத் தாக்குதலில் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சான்று கிடைக்காவிட்டாலும் சதாமை அகற்ற வேண்டும் என்றது அது. போரின் காரணம் தாக்குதல் அல்ல, தாக்குதலுக்கு முன்பே இருந்த திட்டம் என்பது அவர்கள் வாக்குமூலமாகவே பதிவாகியிருக்கிறது.

தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட முடியாது. ஏற்கெனவே வெட்டி வைத்திருப்பவரிடம்தான் போயாக வேண்டும். அந்த செப்டம்பரில் வெளியுறவுத் துறையிடமும் சிஐஏவிடமும் அல் காய்தாவைப் பற்றிய கோப்புகள் இருந்தன. ஆனால் மத்தியக் கிழக்கையே மாற்றியமைப்பது எப்படி என்ற முழுக் கதையைக் கையில் வைத்திருந்தவர்கள் இவர்கள் மட்டுமே.

இருந்தாலும் முடிவெடுத்தவர் புஷ். அனுமதித்தது நாடாளுமன்றம். சிந்தனைக் குழாம் மீது எல்லாப் பழியையும் போட்டால், வாக்களித்தவர்கள் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகிறார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை.

கேள்வி: ‘புதிய பேர்ல் ஹார்பர் வேண்டும்’ என்று 2000-லேயே எழுதினார்களாம். அப்படியானால் 2001 தாக்குதல் அவர்கள் திட்டமிட்டதுதானே?

பதில்: இல்லை. அந்த வரி இருக்கும் இடத்தைப் படித்தால் ஐயம் தீரும். கிறிஸ்டலின் அமைப்பு 2000 செப்டம்பரில் வெளியிட்ட, அமெரிக்கப் பாதுகாப்பை மறுசீரமைப்பது பற்றிய அறிக்கை அது. ராணுவத்தில் புதிய தொழில்நுட்பங்களைப் புகுத்துவது பற்றிய அத்தியாயத்தில், 1941-ல் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது போன்ற பேரதிர்ச்சி நிகழாவிட்டால் இந்த மாற்றம் மெதுவாகவே நடக்கும் என்கிறார்கள். நிதி ஒதுக்கீடு பற்றிய புலம்பல் அது. சதித்திட்டம் இல்லை.

அந்த அறிக்கையில் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. பாதுகாப்புச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3.5 முதல் 3.8 சதவீதமாக்க வேண்டும், ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 கோடி டாலர் கூடுதலாக வேண்டும் என்கிறது. தாங்கள் 1992-ன் பாதுகாப்புத் திட்ட வரைவின் மேல்தான் கட்டுகிறோம் என்றும் சொல்லிவிடுகிறது. அந்த வரைவு சேனி பாதுகாப்புச் செயலராக இருந்தபோது வுல்ஃபோவிட்ஸின் அலுவலகத்தில் தயாரானது. அமெரிக்காவுக்குச் சமமான போட்டியாளர் எங்கும் எழவே கூடாது என்ற வரிகள் 1992 மார்ச்சில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டில் கசிந்ததும் கூச்சல் எழுந்து, மென்மையாக்கித் திருத்தினார்கள். பத்தாண்டு கழித்து, 2002 செப்டம்பரில் புஷ் வெளியிட்ட தேசியப் பாதுகாப்பு வியூகத்தில் அதே கருத்து அரசின் குரலாக ஒலித்தது. அரசு மேசையில் நிராகரிக்கப்பட்ட ஒன்றை, வெளியே எட்டாண்டு உயிரோடு வைத்திருந்து மறுபடி அரசு மேசைக்கே கொண்டுவருவது சிந்தனைக் குழாமின் பெரிய திறமை. சதிக்கதைகளில் மூழ்குகிறவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு படித்தவர்கள், ஆண்டுக்கணக்கில் யோசித்தவர்கள். பிறகு ஏன் ஈராக்கில் எல்லாமே தவறிப்போனது?

பதில்: அவர்கள் ஆண்டுக்கணக்கில் யோசித்தது ஏன் தாக்க வேண்டும் என்பதைப் பற்றி. பாக்தாத் விழுந்த மறுநாள் காலையில் யார் குப்பை அள்ளுவது, யார் சம்பளம் கொடுப்பது, யார் அருங்காட்சியகத்தைக் காவல் காப்பது என்று யோசிக்கவில்லை.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். 2003 பிப்ரவரி 25 அன்று தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி, போருக்குப் பின் ஈராக்கை நிர்வகிக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று செனட் குழுவிடம் சொன்னார். இரண்டே நாளில் வுல்ஃபோவிட்ஸ் அந்தக் கணக்கு முற்றிலும் தவறு என்றார். ஒரு மாதம் கழித்து, ஈராக் தன் எண்ணெய் வருவாயிலேயே விரைவில் தன்னைக் கட்டியெழுப்பிக்கொள்ளும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். இரண்டுமே தவறின. படைக் கணக்கில் ஷின்செகியின் பக்கமே உண்மை இருந்தது. போஸ்னியாவில் அமைதிப்படையை வழிநடத்திய அனுபவத்திலிருந்து அவர் பேசினார்.

அடுத்து, தகவல் வந்த வழி. நாடுகடந்து வாழ்ந்த அகமது சலாபியின் ஈராக்கிய தேசிய காங்கிரஸ் இந்த வட்டாரத்துக்கு மிக நெருக்கம். தப்பி வந்ததாகச் சொன்னவர்கள் தந்த தகவல்களை சிஐஏ நம்பத் தயங்கியபோது, பென்டகனில் டக்ளஸ் ஃபெய்த்தின் அலுவலகம் தனியாக அலசி மேலே அனுப்பியது. உளவுத் துறையின் முடிவுக்கு மாறான மதிப்பீடுகளை இப்படி அனுப்பியது முறையற்றது என்று பென்டகனின் சொந்தத் தணிக்கையாளரே 2007 பிப்ரவரியில் சொன்னார். சட்டவிரோதம் என்று சொல்லவில்லை. பேரழிவு ஆயுதக் கிடங்குகள் எதுவும் கிடைக்கவில்லை என்பது 2004 அக்டோபரில் வந்த ஆய்வுக் குழு அறிக்கையில் உறுதியானது.

மூன்றாவது, கோட்பாடே கண்ணை மறைத்தது. ஆட்சி முறைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், ஆட்சியை நீக்கினால் கீழே ஆரோக்கியமான சமூகம் இருக்க வேண்டும். எனவே 2003 மே 16-ல் சதாமின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் ஆணையும், மே 23-ல் ராணுவத்தையே கலைக்கும் ஆணையும் வந்தன. கட்சி அட்டை இல்லாமல் பள்ளித் தலைமையாசிரியராகக்கூட முடியாதிருந்த நாடு அது. ஆசிரியரும் பொறியாளரும் வேலையிழந்தார்கள். சம்பளமும் மரியாதையும் போன லட்சக்கணக்கான வீரர்கள் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு நடந்த கலகத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியக் குடிமக்களும் நாலாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் உயிரிழந்தார்கள். எழுதியவர்களில் ஒருவர்கூட இதற்காகத் தன் நாற்காலியை நிரந்தரமாக இழக்கவில்லை என்பது எங்களுக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

1998 கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் மனம் மாறி வெளிப்படையாக விலகியவர் என்று குறிப்பிடத்தக்கவர் பிரான்சிஸ் ஃபுகுயாமா. 2006-ல் தனி நூலே எழுதித் தன் விலகலை விளக்கினார்.

கேள்வி: ஒரு சிந்தனைக் குழாமின் அறிக்கை அப்படியே கொள்கையானதற்கு உதாரணம் உண்டா? படிப்படியாக விளக்க முடியுமா?

பதில்: 2007-ல் ஈராக்குக்குக் கூடுதல் வீரர்களை அனுப்பிய படைப்பெருக்கம். செல்வாக்கை ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பதுபோல் பார்க்கக் கிடைத்த நிகழ்வு இதுவே.

2006 நவம்பர் தேர்தலில் புஷ்ஷின் கட்சி தோற்றது. ரம்ஸ்ஃபெல்ட் விலகினார். டிசம்பர் 6-ல் ஜேம்ஸ் பேக்கரும் லீ ஹாமில்டனும் தலைமை தாங்கிய இருகட்சிக் குழு 79 பரிந்துரைகளைக் கொடுத்தது. போர்ப்படைகளைப் படிப்படியாகக் குறைப்பது, ஈரானோடும் சிரியாவோடும் பேசுவது ஆகியவை அதில் முக்கியம். புஷ்ஷுக்கு அது தோல்வியை ஒப்புக்கொள்வதாகப் பட்டது. வேறொரு வழி வேண்டியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் அமெரிக்கன் என்டர்பிரைஸ் இன்ஸ்டிட்யூட்டில் ராணுவ வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ககன் (ராபர்ட்டின் தம்பி) ஒரு திட்டமிடல் பயிற்சியை நடத்தினார். அனுபவமுள்ள ராணுவ அதிகாரிகளும் ஓய்வு பெற்ற ஜெனரல் ஜாக் கீனும் அதில் ஈடுபட்டார்கள். கூடுதல் படை வேண்டும் என்று பேசியவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். இவர்கள் ஒரு படி மேலே போனார்கள். எந்தப் படையணியை எந்த மாதம் அனுப்பலாம், பணிக்காலத்தை எவ்வளவு நீட்டினால் எத்தனை அணிகள் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கும், பாக்தாதின் எந்தப் பகுதிகளில் முதலில் இறங்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கிடைக்கும் தகவல்களைக் கொண்டே கணக்குப் போட்டார்கள். அனுப்பப் படையே இல்லை என்பதுதான் பென்டகன் தலைவர்களின் முதல் பதில். அதற்கு விடை இவர்கள் அட்டவணையில் இருந்தது.

டிசம்பர் 11-ல் கீன் புஷ்ஷை நேரில் சந்தித்தார். 14-ல் முதல் வடிவம் வெளியானது. 2007 ஜனவரி 5-ல் முழு அறிக்கை. வெளியீட்டு மேடையில் செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜோ லீபர்மனும் இருந்தார்கள். ஜனவரி 10 இரவு புஷ் தொலைக்காட்சியில் தோன்றி 20,000-க்கும் மேற்பட்ட கூடுதல் வீரர்களை அறிவித்தார்: பாக்தாதுக்கு ஐந்து படையணிகள், அன்பார் மாகாணத்துக்கு 4,000 கடற்படைக் காலாட்கள். ஏப்ரலில் தரைப்படையினரின் பணிக்காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீண்டது.

ஆனால் வெள்ளை மாளிகைக்குள்ளேயே தேசியப் பாதுகாப்புக் குழுவின் அதிகாரிகள் அதே திசையில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த அறிக்கை ஒரு புதிய எண்ணத்தை விதைக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே விரும்பியதற்கு ராணுவ அறிவின் முத்திரையைக் கொடுத்தது. பெரும்பாலான வேளைகளில் சிந்தனைக் குழாம் வெற்றி பெறுவது இப்படித்தான். கேட்கிறவரின் விருப்பம், எதிர்ப்பவரின் முக்கியமான ஆட்சேபத்துக்கு எண்களில் பதில், இரண்டுக்கும் பொருந்திய வாரம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அறிக்கை அலமாரிக்குப் போய்விடும்.

பலித்ததா என்று கேட்டால்: 2007 அமெரிக்கப் படைக்கு மிக அதிக உயிர்ச்சேதம் நேர்ந்த ஆண்டு. 2008-ல் வன்முறை வெகுவாகக் குறைந்தது. கூடுதல் படை மட்டும் அதற்குக் காரணமல்ல. அன்பாரின் சுன்னிப் பழங்குடிகள் 2006 இலையுதிர் காலத்திலேயே அல் காய்தாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள். 2007 ஆகஸ்டில் ஷியா மதத் தலைவர் முக்ததா அல் சதர் தன் படையைப் போர்நிறுத்தம் செய்தார். பாக்தாதில் பல குடியிருப்புகள் அதற்குள் ஒரே பிரிவினர் மட்டும் வாழும் இடங்களாகிவிட்டிருந்தன. அரசியல் சமரசத்துக்கு அவகாசம் வாங்கித் தருவது திட்டத்தின் நோக்கம். அவகாசம் கிடைத்தது, சமரசம் கிடைக்கவில்லை.

கேள்வி: இவர்கள் எல்லோரும் யூதர்கள், இஸ்ரேலுக்காகவே அமெரிக்காவைப் போருக்குள் தள்ளினார்கள் என்று ஒரு நண்பர் உறுதியாகச் சொல்கிறார்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வது தவறு, ஆபத்தானதும்கூட. கர்க்பேட்ரிக், போல்டன், 1998 கடிதத்தில் கையெழுத்திட்ட ஜேம்ஸ் வுல்ஸி, வில்லியம் பென்னட் யாரும் யூதர் அல்லர். போருக்கு ஆணையிட்ட புஷ், சேனி, ரம்ஸ்ஃபெல்டும் அல்லர். அமெரிக்க யூதர்களிடையே ஈராக் போருக்கு எதிர்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று கருத்துக் கணிப்புகள் காட்டின.

இஸ்ரேலைப் பற்றிய அக்கறை இந்த வட்டாரத்தில் ஆழமானது என்பதும் உண்மை. 1996-ல் பேர்ல், ஃபெய்த் உள்ளிட்டோர் பங்கேற்ற குழு, புதிதாகப் பதவியேற்ற இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்காக ஓர் ஆவணம் தயாரித்தது. சதாமை அகற்றுவதும் அதில் ஒரு குறிக்கோள். அதைக் கொள்கை வாதமாக எடுத்து விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். பிறப்பை வைத்து விளக்குவது விமர்சனம் ஆகாது.

கேள்வி: ஜனநாயகக் கட்சியினர் இதை எதிர்த்தார்கள் அல்லவா?

பதில்: செனட்டில் பாதிப்பேர்கூட எதிர்க்கவில்லை. 2002 அக்டோபரில் செனட் 77-க்கு 23 என்று போருக்கு அனுமதி கொடுத்தது. ஜனநாயகக் கட்சியின் 29 செனட்டர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். தாராளவாதிகளின் கோட்டை எனப்படும் புரூக்கிங்ஸ் நிறுவனத்தில் இருந்த கென்னத் பொல்லாக்கின் நூல் அந்த ஆண்டு பல ஜனநாயகக் கட்சியினரைப் போர்ப் பக்கம் சாய்த்தது. எதிர்த்த குரல் கல்வித்துறையிலிருந்து வந்தது: செப்டம்பர் 26 அன்று 33 சர்வதேச உறவு அறிஞர்கள் காசு கொடுத்து ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டில் விளம்பரம் போட்டு, இந்தப் போர் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல என்றார்கள். அவர்களுக்குச் சொந்தமாக வார இதழும் இல்லை, பென்டகனில் ஆளும் இல்லை.

கேள்வி: டிரம்ப் வந்த பிறகு இவர்கள் கதை முடிந்துவிட்டதா?

பதில்: கட்சிக்குள் பெரிதும் தேய்ந்துவிட்டது. 2016-ல் இந்த வட்டாரத்தினர் பலர் டிரம்பை எதிர்த்துத் திறந்த கடிதங்களில் கையெழுத்திட்டார்கள். முன்பு கையெழுத்து பதவிக்கு ஏணியாக இருந்தது. இப்போது அதே கையெழுத்து கதவை அடைத்தது. வீக்லி ஸ்டாண்டர்ட் 2018 டிசம்பரில் நின்றுபோனது. கிறிஸ்டலின் அமைப்பு 2006-லேயே மூடப்பட்டிருந்தது.

ஈரான் விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. 2001-ல் தொடங்கிய ‘ஜனநாயகப் பாதுகாப்பு அறக்கட்டளை’, பொது முழக்கங்களை விட்டுவிட்டு வங்கித் தடைகளின் நுணுக்கத்தில் இறங்கியது. 2011 டிசம்பரில் ஈரான் மத்திய வங்கி மீதான தடை செனட்டில் 100-க்கு 0 என்று நிறைவேறிய காலத்தில், தடைச் சட்டங்கள் எழுதும் நாடாளுமன்ற உதவியாளர்கள் நம்பிப் பேசக்கூடிய நிபுணர்களாக அவர்கள் ஆகிவிட்டிருந்தார்கள். போல்டன் 2018 ஏப்ரலில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே அணு ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவது எப்படி என்ற வரைவை அவர் பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். 2018 மே 8-ல் டிரம்ப் வெளியேறினார். 2019 செப்டம்பரில் போல்டனும் வெளியேற்றப்பட்டார்.

கேள்வி: ஓர் அறிக்கையைப் படிக்கும்போது பின்னால் யார் பணம் இருக்கிறது என்று சாதாரண வாசகர் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். வரிவிலக்குப் பெற்ற நிறுவனம் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குப் படிவம் 990 கொடுக்க வேண்டும். அது பொது ஆவணம். வரித்துறையின் இணையத் தேடலிலும் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் தரவுத்தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். மொத்த வருவாய், செலவு, உயர் சம்பளம் வாங்குபவர்கள், நிர்வாகக் குழு ஆகியவை இருக்கும். நன்கொடையாளர் பெயர் இருக்காது. அந்தப் பெயர்கள் உள்ள இணைப்புத் தாளில் அவற்றை மட்டும் மறைக்க இந்த நிறுவனங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது.

எனவே எதிர்த்திசையில் வாருங்கள். தனியார் அறக்கட்டளைகள் 990–பிஎஃப் என்ற வேறு படிவம் கொடுக்கின்றன. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அதில் பெயர் சொல்லியாக வேண்டும். பிராட்லி அறக்கட்டளையின் படிவத்தைத் திறந்து, நீங்கள் தேடும் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் தொகை வந்துவிடும். இந்தத் தடம் அறுபடும் இடம் ‘டோனர்ஸ் டிரஸ்ட்’ போன்ற இடைத்தரகு நிதியங்கள்: கொடுத்தது அந்த நிதியம் என்று தெரியும், அதற்குக் கொடுத்தவர் யார் என்று தெரியாது. நிதியாண்டு முடிந்த பிறகு படிவம் கொடுக்கவே பல மாத அவகாசம் உண்டு என்பதால் நீங்கள் பார்ப்பது ஓரிரு ஆண்டு பழைய கணக்காகவே இருக்கும்.

பிரதிநிதிகள் அவையின் குழு முன் சாட்சி சொல்பவர் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அரசு சாராத சாட்சிகள் தங்களுக்கும் தங்கள் நிறுவனத்துக்கும் சாட்சியத்தோடு தொடர்புள்ள வெளிநாட்டு அரசு நிதி வந்திருந்தால் அறிவிக்க வேண்டும். அந்தப் படிவம் எழுத்து வடிவச் சாட்சியத்தோடு இணையத்தில் வெளியிடப்படும்.